கால் கொப்புளத்தின் வரலாறு: ஆரணியிலிருந்து சில குறிப்புகள்

போன வருடம் ஐப்பசிப் பௌர்ணமிக்கு அப்பா வழக்கம்போல திருவண்ணாமலை கிரிவலம் போய்விட்டு வந்தார். முப்பது வருடமாகப் போகிறவர். ஆரணியில் மதியம் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் சுற்றி, விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். பட்டுத்தறி நெய்கிறவர். மறுநாள் தறியில் உட்காராமல் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் பாயைச் சுருட்டும்போது கால்மாட்டில் ஈரக்கறை இருப்பதை அம்மா பார்த்தார். அப்பாவின் இடது பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து, தோல் கிழிந்து, அதற்குள் மிளகு அளவுக்கு ஒரு சரளைக் கல். மூன்று நாளாக அந்தக் கல்லோடுதான் நடந்திருக்கிறார், தறியும் மிதித்திருக்கிறார்.

"வலிக்கலையாப்பா?"

"வலிச்சா சொல்லமாட்டனா?"

அவருக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. ஆறு வாரம் கட்டு போட்டோம். விரல் தப்பியது. எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர் யோசித்த ஒரு வாரமும் அதில் இருந்தது. அந்த ஒரு வாரம் நான் ராத்திரியில் தூங்காமல் படித்ததில் பாதிதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை, சாப்ட்வேர்காரன். எதையும் 'இது எப்ப உடைஞ்சது, ஏன் உடைஞ்சது' என்று பின்னோக்கித் தேடுவது தொழில் பழக்கம். கால் கொப்புளத்தையும் அப்படித்தான் தேடிப் போனேன். தேடல் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேலூரில் வந்து நின்றது.

கொப்புளம் எப்படி வருது?

இடது கையின் புறங்கை மேல் வலது கை விரலை வைத்து லேசாக அழுத்தி, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரல் தோலில் ஒட்டிக்கொள்ளும். தோல் அதன் கூடவே நகரும், உள்ளே எலும்பு மட்டும் அசையாமல் இருக்கும். நடக்கும்போது நடப்பது இதற்குத் தலைகீழ். பாதத்தின் தோல் தரையிலோ செருப்பிலோ ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தோல் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் உள்ளுக்குள்ளேயே கிழியும். அந்தக் கிழிசலில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். 'தேய்ஞ்சு போச்சு' என்று சொல்கிறோம், ஆனால் விஷயம் மேலே தேய்வதைவிட உள்ளே இழுபடுவதில் இருக்கிறது.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, ஈரம். நசநசவென்று இருக்கும் தோல், காய்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும். ஒட்டினால் இழுபடும். இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு அடியில் எதுவும் ஆகாது. 14 கிலோமீட்டரை எழுபது சென்டிமீட்டர் அடியால் வகுத்தால் 20,000 அடி. ஒரு காலுக்கு 10,000. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

கொப்புளம் திடீரென்று வருவதும் இல்லை. முதலில் அந்த இடம் சுடும், அப்புறம் எரியும், பிறகுதான் நீர் கோக்கும். சுடுகிற நேரத்தில் உட்கார்ந்து கவனித்தால் அதோடு முடிந்தது. கால் புண்ணைத் தடுக்க மனிதர்கள் கண்டுபிடித்த எல்லாமே இந்த மூன்றில் அடங்கிவிடும்: ஈரத்தைக் குறை, இழுபடுவதைக் குறை, சுட்டால் நில். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வரலாற்றில் நிறைய பேருக்கு 'சுட்டால் நில்' என்ற மூன்றாவது வழி கிடைக்கவே இல்லை.

ஆரணிக்கு நடந்து வந்தவர்கள்

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை. வரலாற்றுப் புத்தகங்களில் ஆரணி என்றால் இரண்டு போர்கள். இரண்டுமே நடந்து நடந்து தேய்ந்த படைகளின் கதை.

1751 ஆகஸ்ட் கடைசியில் ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குக் கிளம்பினார். கூட வந்தவர்கள் 200 ஐரோப்பியச் சிப்பாய்கள், 300 இந்தியச் சிப்பாய்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரத்தை ஆறு நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் இடியும் மின்னலுமாகக் கொட்டிய மழையிலும் நிற்காமல் நடந்தார்கள். அந்த மழையில் ஒரு படை நடந்து வருகிற செய்தியைக் கேட்டே கோட்டைக் காவலர்கள் ஓடிவிட்டார்கள், ஒரு குண்டுகூடச் சுடாமல் ஆற்காடு விழுந்தது என்பது எல்லோரும் படித்த கதை. அந்த ஐந்நூறு பேரின் ஆயிரம் கால்கள் அன்று ராத்திரி எப்படி இருந்தன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆற்காட்டு முற்றுகை ஐம்பது நாள் நீடித்து நவம்பரில் முடிந்தது. பின்வாங்கிய ராஜா சாகிப்பைத் துரத்திக்கொண்டு வந்த கிளைவ், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படை உதவிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, சுமார் 20 மைல் தூரத்தை ஒரே மூச்சில் நடக்கவைத்து ஆரணிக்கு வந்து சேர்ந்தார். 32 கிலோமீட்டர், அதாவது இரண்டு கிரிவலத்துக்கும் மேல். துப்பாக்கி, தோட்டா, மூட்டையோடு. வந்து சேர்ந்ததும் ஓய்வு இல்லை, சண்டை. டிசம்பர் 3. கார்த்திகை மாதம். சுற்றிலும் தண்ணீர் நிற்கிற நெல் வயல்கள், நடுவில் ஊருக்குப் போகிற மேட்டுப்பாதை, பக்கத்தில் தோப்பு. சண்டை நடந்ததே சேற்று வயலிலும் அந்த மேட்டுப்பாதையிலும்தான். ஈரத்தையும் எண்ணிக்கையையும் பற்றி மேலே சொன்னேனே, இரண்டும் ஒரே நாளில்.

கிளைவ் ஜெயித்தார். தோற்ற பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் பயிற்சி எடுத்த அறுநூறு சிப்பாய்கள் துப்பாக்கிகளோடு வந்து கிளைவ் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. யார் பக்கம் சேர்ந்தாலும் அவர்களுக்கு நடை மாறப்போவதில்லை.

அடுத்த போர் 1782 ஜூன் 2. ஹைதர் அலி தன் படைக்கான சேமிப்புகளை ஆரணிக் கோட்டையில் வைத்திருந்தார். அதைக் குறிவைத்து சர் அயர் கூட் படையோடு வந்தார். கூட்டுக்கு அந்த வருடத் தொடக்கத்திலேயே உடம்பு விழுந்துவிட்டிருந்தது, பல்லக்கில் படுத்தபடிதான் வேலூர்ப் பக்கம் படை நடத்தினார். பல்லக்குக்குள் இருப்பவருக்குக் கால் சுடாது. பல்லக்கைத் தூக்குகிறவர்களுக்கு, அதுவும் கத்திரி முடிந்த சூட்டில், எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் ஊரில் ஜூன் மாத மத்தியானம் வெறுங்காலில் தெருவைக் கடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படை நடையில் 'சுட்டால் நில்' கிடையாது. நின்றால் பின்தங்குவீர்கள், பின்தங்கினால் குதிரைக்காரன் கையில் சிக்குவீர்கள். அதனால் படைகள் மற்ற இரண்டு வழிகளில்தான் மூளையைச் செலவழித்தன.

சோப்பு, முட்டை, துணிச்சுற்று

அந்தக் காலத்து ஐரோப்பியச் சப்பாத்துகளில் இடது, வலது என்ற வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒரே அச்சில் செய்தவை. ஒரே பக்கம் தேயாமல் இருக்க தினமும் கால் மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்வார்களாம். கால் பழகுவதற்குள் செருப்பு மாறிவிடும், செருப்பு பழகுவதற்குள் கால் மாறிவிடும். பழைய ஓவியங்களில் சென்னைப் படையின் இந்தியச் சிப்பாய்களைப் பாருங்கள். மேலே சிவப்புக் கோட்டு, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கிற கால்சட்டை, அதற்குக் கீழே வெறும் கால், போட்டிருந்தால் ஒரு தோல் செருப்பு. சேற்றில் சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே போக வழியில்லை. செருப்பில் புகுந்த தண்ணீர் அடுத்த அடியிலேயே வெளியே போய்விடும். இந்த ஒரு விஷயத்திலாவது நம் ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1855-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் பயணிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். கைரேகையைப் பற்றி எழுதின அதே கால்ட்டன்தான். அதில் கால் கொப்புளத்துக்கு அவர் சொல்கிற வழிகள்: கிளம்புவதற்கு முன் காலுறையின் உள்பக்கம் சோப்பைக் குழைத்து நுரை தடிக்கத் தடவு. பூட்ஸுக்குள் ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்று, தோல் மெத்தென்று ஆகும். சில மணி நேரம் நடந்து கால் கரகரத்தால் காலுறையைக் கழற்றி இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்று. முட்டையைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்தால் எல்லாமே இழுபடுவதைக் குறைக்கிற வேலைதான்.

ரஷ்யப் படை காலுறையே போடாமல் ஒரு சதுரத் துணியைப் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பூட்ஸ் மாட்டியது. ஒரு பக்கம் நனைந்தால் அவிழ்த்து மறுபக்கமாகச் சுற்றிக்கொள்ளலாம், துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் சுற்றத் தெரியாமல் ஒரு மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பே காலைக் கிழித்துவிடும். இந்தப் பழக்கத்தை ரஷ்யா 2013-இல்தான் கைவிட்டது.

ஆராய்ச்சி என்று முறையாக நடந்ததில் எனக்குப் பிடித்தது 1998-இல் வெளியான ஒன்று. அமெரிக்க ராணுவப் பள்ளி மாணவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வியர்வையைக் கட்டுப்படுத்தும் அலுமினியம் குளோரைடு கரைசலைப் பாதத்தில் சில நாள் பூசவைத்து, 21 கிலோமீட்டர் நடக்கவிட்டார்கள். ஒழுங்காகப் பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கொப்புளம் வந்தது, பூசாதவர்களில் 48 சதவீதம் பேருக்கு. ஆனால் பூசியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோல் எரிச்சல். ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கின கதை. வாஸ்லின் மாதிரி வழுவழுப்புகளும் அப்படித்தான். பூசிய முதல் ஒரு மணி நேரம் வழுக்கும், பிறகு தோல் ஊறி முன்னைவிட அதிகமாக ஒட்ட ஆரம்பிக்கும். தடவினால் நடுநடுவே துடைத்துவிட்டுத் திரும்பத் தடவவேண்டும்.

தெருவிலேயே நடந்தவர்கள்

இதெல்லாம் படையின் கதை. சாதாரண ஜனங்கள்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிறாள். வீட்டு முற்றத்தைத் தாண்டி நடந்து பழகாத வணிகர் வீட்டுப் பெண். பாதம் நோவதும் நின்று நின்று போவதும் அந்தக் காவியத்தில் வருகிறது. கூட வருகிற கவுந்தியடிகளோ நடப்பதையே நோன்பாகக் கொண்ட சமணத் துறவி. ஒரே பாதையில் இரண்டு விதப் பாதங்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற திருமலையில் இன்றும் சமண மடம் இருக்கிறது. சமணத் துறவிகள் வெறுங்காலோடுதான் ஊர் ஊராகப் போகவேண்டும், ஆனால் மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். மண்ணில் ஊர்கிற உயிர்களை மிதிக்கக் கூடாது என்பதுதான் காரணம். பாதம் ஊறிக்கிடக்கிற மாதங்களில் பாதத்துக்கு ஓய்வு என்பது அதில் கூடவே கிடைக்கிற லாபம்.

நெசவாளி என்றால் உட்கார்ந்தே வேலை செய்கிறவன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குழித்தறியில் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்துவது, அதுதானே காலுக்கு வேலை? பாட்டியிடம் பேசியபோதுதான் 'பாவு ஓடுறது' என்ற சொல்லின் அர்த்தம் புரிந்தது. வீட்டில் யாராவது சும்மா முன்னும் பின்னும் அலைந்தால் "இன்னாத்துக்குப் பாவு ஓடிக்கினு கீற?" என்று திட்டுவார். பாவு போடும் உருளை இயந்திரங்கள் வருவதற்கு முன்னால், தெருவில் வரிசையாகக் குச்சிகளை நட்டு, நூலைக் கையில் பிடித்து, குச்சிகளுக்கு நடுவே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து நடந்துதான் பாவு போட்டார்கள்.

உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாவின் நீளம் 18 மீட்டர், இழைகள் நாலாயிரம், ஒரு நடைக்கு இரண்டு இழை என்று வைத்துக்கொண்டால் 2,000 நடை. 36 கிலோமீட்டர். கிளைவின் படை ஆரணிக்கு நடந்ததைவிட அதிகம், அதுவும் ஒரே தெருவுக்குள். இது உத்தேசக் கணக்குதான், நூலுக்கும் முறைக்கும் தகுந்தபடி மாறும். ஆனால் அளவு புரிகிறதில்லையா?

"கால்ல கொப்புளம் வராதா பாட்டி?"

"ஏன் வருது? பொழுது விடியறதுக்குள்ள ஆரம்பிப்போம். வெயில் ஏறனா நிறுத்திடுவோம். ராவிக்கு வெளக்கெண்ணெய தேச்சிக்குவோம். நாலு பேர் மாத்தி மாத்தி ஓடுவோம். நோவுதுன்னா உக்காந்துக்குவோம். நம்ம தெருதானே, யாரு வெரட்டறாங்க?"

படைக்காரனுக்குக் கிடைக்காத மூன்றாவது வழி பாட்டிக்குக் கிடைத்திருந்தது. கூடவே இன்னொன்றும்: சிறு வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழகித் தடித்த பாதம். அப்பாவுக்கும் அதே பாதம்தான், முப்பது வருடக் கிரிவலம் தந்த பாதம். அப்படியானால் அவருக்கு ஏன் இப்படி ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் பழைய படைகளிடமும் இல்லை, பாட்டியிடமும் இல்லை. வேலூரில் இருந்தது.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா மிஷனரிகள். மலைக்காட்டில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து வளர்ந்த பையன், லண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அப்போது தொழுநோயாளிகளுக்கு விரல்களும் பாதமும் ஏன் போகின்றன என்று கேட்டால், மருத்துவர்களிடமும் ஒரே பதில்தான்: அந்த நோயில் சதை அழுகும்.

பிராண்டுக்கு அது சரியாகப் படவில்லை. அவரே எழுதியிருக்கிற ஒரு சம்பவம். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சின்னப் பையன், நோயாளி, சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று பார்த்தால், அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி எலும்பு வரைக்கும் வெட்டியிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி தூங்கும்போது எலிகள் விரலைக் கடிப்பதுகூட நோயாளிகளுக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, ஆளுக்கொரு பூனை வளர்க்கச் சொன்ன கதையும் உண்டு. சதை தானாக அழுகவில்லை. நரம்பு செத்ததால் வலி போய்விட்டது, வலி இல்லாததால் காயம் மேல் காயம். அவ்வளவுதான்.

பாதத்தில் இது இன்னும் நுட்பமாக நடந்தது. வலி தெரிந்த மனிதன் நீண்ட தூரம் நடக்கும்போது, தனக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே போகிறான். குதிகால் நொந்தால் விரல் பக்கம் சாய்வான், உள்பக்கம் சுட்டால் வெளிப்பக்கம் ஊன்றுவான். வலி தெரியாதவன் முதல் அடியை எப்படி வைத்தானோ அப்படியே பத்தாயிரமாவது அடியையும் வைப்பான். ஒரே இடம், ஒரே அழுத்தம்.

இதைச் சோதிக்க பிராண்ட் பிறகு அமெரிக்காவில் எலிகளின் பாதத்தில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு தடவை கொடுத்தால் ஒன்றுமே ஆகாத அழுத்தத்தை இயந்திரத்தால் ஒரே இடத்தில் நாளுக்கு 10,000 தடவை கொடுத்தார். நான் மேலே போட்ட கிரிவலக் கணக்கும் அதே எண் என்பதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. சில நாளில் அந்த இடம் வீங்கிச் சூடானது, தொடர்ந்தபோது புண்ணாகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்து வாரக்கடைசியில் ஓய்வு கொடுத்த எலிகளுக்குப் புண் வரவில்லை. தோல் தடித்துப் பலப்பட்டது. பாட்டியின் பாதமும் அப்பாவின் பாதமும் அந்த ஒரே பரிசோதனையில் இருக்கின்றன.

வேலூரிலும், 1955-இல் பக்கத்தில் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையிலும் இதற்குத் தீர்வு தேடினார்கள். பாதத்தைத் தாங்குகிற இடம் மெத்தென்று இருக்கவேண்டும், தரைப்பக்கம் முள் ஏறாதபடி உறுதியாக இருக்கவேண்டும், விலை மலிவாக இருக்கவேண்டும், பார்த்தால் நோயாளிச் செருப்பு என்று தெரியக்கூடாது. அப்படி உருவானதுதான் நுண்ணறை ரப்பர் செருப்பு. இன்று கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சர்க்கரைக்காரர்களுக்கு விற்கிறார்களே, அதன் ஊர் இதுதான். புண் வந்த பிறகு காலில் முழுசாக ஒட்டின மாதிரி மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தத்தைப் பரப்பி, நடக்கவிட்டே ஆற்றுகிற முறையை 1930-களில் கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால் செய்து வந்தார். அதையும் பிராண்ட்தான் 1960-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்க சர்க்கரைப் புண்ணுக்கு அது முக்கியமான சிகிச்சை.

பிராண்டுக்கே ஒரு ராத்திரி நேர்ந்தது. லண்டனில், நெடும் பயணத்தின் களைப்பில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தனக்கும் தொற்றிவிட்டது என்று முடிவு செய்து விடியும் வரை தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததால் மரத்துப்போன நரம்பு, அவ்வளவுதான். வலிக்காக அதன் பிறகு ஆயுள் முழுக்க நன்றி சொன்னார். 2003-இல் இறந்தார்.

நூல் தெரியாத கால்

கட்டு அவிழ்த்த பிறகு டாக்டர் அப்பாவின் பாதத்தில் ஒரு சோதனை செய்தார். ஒரு நைலான் இழை, பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லி அதைப் பாதத்தில் பல இடங்களில் தொடுவார், தெரிந்தால் சொல்லவேண்டும்.

விரலில் உருட்டிப் பார்த்தே நூலின் கனத்தைச் சொல்கிறவர் என் அப்பா. அன்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் எட்டு இடத்தில் தொட்டார். அப்பா இரண்டு தடவைதான் "ம்" சொன்னார். கண்ணைத் திறந்து "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சில ஏற்பாடுகள். மாற்றி மாற்றி நாங்கள் மறப்பதும் உண்டு, அம்மா மட்டும் மறப்பதில்லை.

தினமும் ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. அவருக்குக் குனிய முடியாததால் தரையில் ஒரு கண்ணாடி. சிவப்பு, வெடிப்பு, நிறம் மாறிய இடம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, புறங்கையை வைத்துச் சூடும் பார்ப்பது. ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால் மறுநாள் நடை கிடையாது. பாதம் கழுவினால் விரலிடுக்கு வரை துடைப்பது. எண்ணெய் பாதத்துக்கு மட்டும், விரலிடுக்கில் கூடாது, ஈரம் தங்கும். செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கால் விடுவது. வெந்நீர் ஒத்தடம் இல்லை, ஏனென்றால் சூடு எவ்வளவு என்று அந்தக் காலுக்குத் தெரியாது. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி, அப்புறம் ஒரு மணி என்று பழக்குவது.

வலி தெரிகிற காலுடையவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. பழகின செருப்பு, காய்ந்த காலுறை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவது, சுடுகிற இடத்தில் உடனே ஒரு காகிதப் பிளாஸ்திரி. அப்படியும் சின்னக் கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்காமல் மூடி வைப்பது. அந்தத் தோலைவிட நல்ல கட்டு கடையில் கிடைக்காது.

சிக்கல் கிரிவலத்தில் வந்தது. "செருப்பு போட்டுக்கினு மலைய சுத்தறதா? அதுக்கு நான் வூட்லயே இருந்துடறேன்." இரண்டு மாதம் இதே பேச்சு. நான் பால் பிராண்டைச் சொன்னேன், எலியைச் சொன்னேன், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அம்மாதான் ஒரு ஒப்பந்தம் போட்டார். வழியில் செருப்பு. அஷ்டலிங்கங்கள் எட்டிலும் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். வெளியே வந்ததும் நான் பாதத்தைப் பார்ப்பேன். நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவேண்டும். டாக்டரும் சரி என்றார்.

இந்த வருடம் கூட்டம் குறைந்த ஒரு நாளாகப் பார்த்து, பௌர்ணமியைத் தவிர்த்து, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். இந்திரலிங்கம், அக்கினிலிங்கம், எமலிங்கம், நிருதிலிங்கம். ஒவ்வொரு இடத்திலும் அப்பா வெளியே வந்து திண்டில் உட்காருவார், நான் கீழே குந்தி உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தில் அவர் பாதத்தைத் துடைத்து, தொட்டு, புறங்கையால் சூடு பார்ப்பேன். போகிறவர்கள் பிள்ளை அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மா நின்று கும்பிட்டுவிட்டே போனார்.

வருணலிங்கத்தில் இடது பாதத்தில் பழைய இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தது. லேசான சிவப்பு.

"போதும்ப்பா."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

"அதான்ப்பா விஷயமே."

கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தானே செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். மீதி மூன்று லிங்கத்தையும் ஆட்டோவில் இறங்கி ஏறித்தான் பார்த்தோம். பஸ்ஸில் போளூர் தாண்டும்போது கேட்டார்:

"அடுத்த மாசம் வருணலிங்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"